எக்கோவில் இதயம் இயல்பு; படபடப்பு ஏன்?

கேள்வி: எனக்கு வயது 34. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திடீரென நெஞ்சு படபடக்கிறது. ஒருமுறை நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180 இருந்தது. பத்து நிமிடம் கழித்து, தொடங்கியது போலவே சட்டென்று நின்றுவிட்டது. எக்கோவில் இதயம் இயல்பாக உள்ளதாம். இது வெறும் மனப்பதற்றம்தானா?

பதில்: அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். எக்கோ காட்டுவது இதயத்தின் சுவர்களையும் வால்வுகளையும் அது சுருங்கி விரியும் வலுவையும்தான். துடிப்பை நடத்தும் மின்பாதைகள் அதில் தெரிவதில்லை.

மேலறையில் பிறக்கும் மின்தூண்டல் கீழறைக்கு இறங்க வழக்கமாக ஏ.வி. கணு என்ற ஒரே வாசல்தான் உண்டு. சிலருக்கு அந்த வாசலருகே இரண்டு பாதைகள் அமைந்துவிடுகின்றன: ஒன்று வேகமாகக் கடத்தும், ஆனால் மீள்வதற்கு, அதாவது அடுத்த தூண்டலை ஏற்கத் தயாராவதற்கு, அதிக நேரம் எடுக்கும்; மற்றொன்று மெதுவாகக் கடத்தும், விரைவில் மீண்டுவிடும். சற்று முன்னதாகவே வந்துவிடும் ஒரு துடிப்பு, வேகப்பாதை இன்னும் மீளாததால் மெதுவான பாதையில் இறங்கி, கீழே வருவதற்குள் மீண்டுவிட்ட வேகப்பாதை வழியே மேலேறி, மறுபடி இறங்கிச் சுற்றத் தொடங்குகிறது. சுற்று எங்கேனும் அறுந்தால் படபடப்பும் அந்த நொடியே நிற்கும். நீங்கள் சொல்லும் திடீர்த் தொடக்கமும் திடீர் முடிவும் இதற்கே பெரிதும் பொருந்துகின்றன. மனப்பதற்றத்தில் துடிப்பு பெரும்பாலும் படிப்படியாக ஏறி, படிப்படியாகத் தணியும். பிறவியிலேயே மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்தூண்டலைக் கடத்தும் கூடுதல் இழை இருந்தாலும் இதேபோன்ற சுற்று உண்டாகலாம். 1930இல் விவரிக்கப்பட்ட வுல்ஃப்-பார்க்கின்சன்-வொயிட் நோய் அதுதான்.

சுற்றே இல்லாமலும் தாளம் தவறலாம். அட்ரினலின் மிகும்போது செல்லுக்குள் கால்சியம் அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்து, ஒரு துடிப்பு முடிந்த கையோடு அடுத்ததைத் தூண்டிவிடுவதுண்டு. கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் பகுதியில் இது நேர்ந்தால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் மரபுவழி அயனி வாயில் கோளாறுகள் (சோடியம், கால்சியம் போன்ற அயனிகளைச் செல்லுக்குள்ளும் வெளியிலும் விடும் வாயில்களில் பிறவியிலேயே உள்ள பழுதுகள்) வேறு. எக்கோ முற்றிலும் இயல்பாக இருந்தும் அவை உயிரைப் பறிக்கலாம். ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கி விழுந்ததுண்டா, குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென இறந்ததுண்டா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

படபடப்பு நடக்கும்போதே எடுக்கும் இ.சி.ஜி.தான் நோயைக் காட்டிக்கொடுக்கும். நின்ற பிறகு எடுத்தால் பலருக்கு அது இயல்பாகவே இருக்கும். அடுத்த முறை மூச்சை அடக்கி வயிற்றை முக்கிப் பாருங்கள், ஏ.வி. கணுவின் வேகம் குறைந்து சுற்று அறுபடலாம். மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள். இரட்டைப் பாதைதான் காரணம் என்று உறுதியானால், மெதுவான பாதையைக் கதீட்டர் (ரத்தக்குழாய் வழியே செலுத்தும் மெல்லிய குழாய்) மூலம் சுட்டு அணைக்கும் அப்லேஷன் பெரும்பாலோரை முழுமையாகவே குணப்படுத்துகிறது.