ஸ்டெபிலைசர் இருந்தும் இடியில் டிவி போனது ஏன்?

கொழிஞ்சாம்பாறையில் உள்ள உங்கள் வீட்டில் ஸ்டெபிலைசர் இருந்தும் ஐப்பசி இடியில் டிவி பழுதானது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டெபிலைசர் மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் கருவி. அதன் உள்ளே இருக்கும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் மாறுவதற்கே சில மில்லிசெகண்டுகள் ஆகும், மின்னல் தூண்டும் பாய்ச்சலோ சில மைக்ரோசெகண்டுகளில் உச்சத்தைத் தொட்டுவிடும். அந்தப் பாய்ச்சலுக்கு உரியது மீட்டர் அருகே பொருத்தும் சர்ஜ் புரொடெக்டர். அதனுள் இருக்கும் வேரிஸ்டர் என்ற, மின்னழுத்தம் மிகும்போது மட்டும் வழிவிடும் வில்லை மிகை மின்சாரத்தை எர்த் கம்பி வழியே மண்ணுக்குத் திருப்பிவிடுகிறது. எர்த் குழி காய்ந்து கிடந்தால் புரொடெக்டருக்குச் செய்த செலவு பெரும்பாலும் வீண்தான். புரொடெக்டரின் சிறு சாளரத்தில் பச்சை நிறம் சிவப்பாகியிருந்தால் வில்லை தேய்ந்துவிட்டது என்று பொருள். நேரடி இடிக்கு எதுவும் முழுக் காப்பல்ல என்பதால், வானம் கருக்கும்போதே பிளக்கையும், பலர் மறந்துவிடும் கேபிள் வயரையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, அதனுள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான், பாய்ச்சல் அதைத் தாண்டிவிடக்கூடும்.