கடிக்க வேண்டாம், குரைக்கப் பழக்குங்கள்

உங்கள் இரண்டு வயது லாப்ரடார் கேஸ் சிலிண்டர் போட வருபவரிடம்கூட வாலாட்டிக்கொண்டு ஓடுகிறது, பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததிலிருந்து பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் அடித்தோ, சீண்டியோ, நாள் முழுக்கக் கட்டிப்போட்டோ அதை முரடாக்கிவிடாதீர்கள். வேட்டையில் விழுந்த பறவையைச் சேதமில்லாமல் கவ்வி வரவே வளர்க்கப்பட்ட இனம் அது. காவலுக்குப் பேர்போன நம்மூர் இனமான கோம்பை நாயின் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. வெறியேற்றினால் முதலில் கடிபடுவது வீட்டுக் குழந்தையாக இருக்கலாம்.

பெரும்பாலான திருடர்களுக்குச் சத்தமே போதும். எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். ஒருவர் வெளியே நின்று கேட் கொண்டியை மெதுவாக ஆட்டுவார். நாய் காதைத் தூக்கிப் பார்த்து ஒரு தடவை குரைத்ததும் ‘குரை’ என்று சொல்லி, வேகவைத்த கோழித்துண்டு ஒன்றை உடனே வாயில் கொடுப்போம். தினமும் ஐந்து நிமிடம்தான். சில வாரங்களில் கொண்டிச் சத்தம் கேட்டாலே குரைக்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம் ‘போதும்’ என்ற சொல்லையும் கட்டாயம் பழக்குங்கள். அடங்கிய அந்த நொடியிலேயே தீனி கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் யாரும் தூங்க முடியாது.

வெளியாள் நீட்டுவதைத் தின்னாமல் இருக்கவும் பழக்குங்கள், விஷம் வைத்துவிடுவார்கள். இரவில் கொல்லையில் கட்டாமல் ஹாலில், வாசல் கதவருகே படுக்க விடுங்கள். கேட்டில் ‘நாய் ஜாக்கிரதை’ பலகை ஒன்றும் மாட்டிவிடுங்கள்.