சமைக்க விடுவார்களா என்று முதலில் கேளுங்கள்

தேவகோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி), மாதம் 4,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தை பிறந்ததும் கிளம்பணும். மூணு மாசத்தில் வீட்டுக்காரியையும் பிள்ளையையும் கூட்டிக்கலாம்னு இருக்கேன். ரூம் எப்படிப் பார்க்கிறது, கையில் எவ்வளவு வேணும், என்னென்ன கட்டிக்கிட்டுப் போறது?"

தம்பி, இதைக் கண்டனூரில் எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரியப்பச்சி வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவில் வந்தவன். உள்ளே பந்திக்கு இலை போடும் சத்தம் கேட்கிறது, எழுத்து அங்கங்கே தாவினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்தில் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள முடியாது. மனைவி, பிள்ளைக்குச் சார்ந்திருப்போர் பாஸ் வாங்க, உங்கள் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும் என்பது மனிதவள அமைச்சின் விதி. போனஸ், ஓவர்டைம் எல்லாம் அந்தக் கணக்கில் வராது. 4,800க்கு அவர்கள் சுற்றுலா விசாவில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். இதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். விமானம் ஏறிய பிறகு போனில் சொல்லும் செய்தி இல்லை இது. நான் அப்படித்தான் சொன்னேன். இன்றைக்கும் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அது ஒருமுறை தலைகாட்டும்.

அப்புறம், பாஸ் தருவதாக அமைச்சின் கொள்கையளவு ஒப்புதல் கடிதம் வரும். அங்கே ஐபிஏ என்பார்கள். அதில் போட்டிருக்கும் சம்பளமும் கம்பெனி தந்த கடிதத்தில் இருக்கும் சம்பளமும் ஒன்றுதானா என்று வரி வரியாகப் பாருங்கள். எஸ் பாஸுக்குக் கம்பெனி மாதாமாதம் அரசுக்குத் தீர்வை கட்டும். அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. வேலை கொடுத்ததற்காக முதலாளி உங்களிடம் காசு வாங்குவதும் அங்கே குற்றம். ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆகும் செலவுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு இன்சூரன்ஸ் எடுத்துத் தர வேண்டியதும் கம்பெனிதான்.

நேற்று ரெண்டாங்கட்டு அலமாரியைக் குடைந்தபோது எங்கள் ஐயாவின் சம்பளச் சீட்டு ஒன்று கிடைத்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிக்கு (செட்டியார்கள் வட்டிக்கடை வைத்துத் தங்கியும் இருந்த கூடம்) அடுத்தாளாக, அதாவது முதலாளியின் ஏஜெண்டுக்கு உதவி ஆளாகப் போனவர். மூன்று வருஷத்துக்கு இவ்வளவு, அதில் முன்பணம் இவ்வளவு, சாப்பாடு முதலாளியின் கடைச் செலவு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஒரே கிட்டங்கியில் பல கடைக்காரர்கள். ஆளுக்கொரு பெட்டி, ஒரு பாய், எல்லோருக்கும் ஒரே அடுப்பு. சமையல்காரரும் நம் பக்கத்து ஆள்தான் என்பார். அந்தத் தெருவில் இப்போது அண்ணாந்து பார்க்கிற கட்டடங்கள். நமக்குக் கிட்டங்கி இல்லை, சாப்பாட்டுக்குக் கடைச் செலவும் இல்லை. ஆகவே நீங்கள் முதலில் தேட வேண்டியது அடுப்பு.

ரூம் விளம்பரங்களில் மூன்று வகை பார்ப்பீர்கள்: நோ குக்கிங், லைட் குக்கிங், குக்கிங் அலவ்டு. 2008-ல் நான் அங் மோ கியோவில் ஒரு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் லைட் குக்கிங் ரூம் எடுத்தேன். எண்ணெயைக் குறைத்துக்கொண்டால் போதும் போல என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் ஊர் ஞாபகம் வந்து, வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு உருளைக்கிழங்கு வறுத்தேன். வீட்டுக்காரச் சீன அம்மா, அவர் பேரன், பக்கத்து ரூம் பையன் எல்லோரும் இருமினார்கள். அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார். காலையில் ஃபிரிட்ஜில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: இனி வேகவைக்க மட்டும். லைட் குக்கிங் என்றால் நூடுல்ஸ், முட்டை, சுடுதண்ணீர் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒப்பந்தம் ஒரு வருஷம். நடுவில் போனால் டெபாசிட் போய்விடும். வருஷம் முழுக்க காப்பிக்கடையில் தின்றேன். வேளைக்கு ஐந்து வெள்ளி, மாதத்துக்கு 450. பிறகு தோ பாயோவில் காரைக்குடிப் பையன்களோடு சேர்ந்து சமைத்தபோது அதில் பாதிகூட ஆகவில்லை.

அதனால், ரூம் பார்க்கப் போகும்போது தாளிக்கலாமா, மீன் வறுக்கலாமா என்று வாய்விட்டே கேளுங்கள். நம் நாட்டுக்காரர் என்றதும் வீடு இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கே இரண்டு முறை நடந்திருக்கிறது. வாதாடாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது, ஆகவே ஒரு மாதம் இருந்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் படத்தைக் காட்டி முன்பணம் கேட்பவருக்கு ஊரிலிருந்தே பணம் அனுப்பாதீர்கள். முதல் இரண்டு வாரம் தெரிந்தவர் யாரோடாவது ஒண்டிக்கொண்டு, நேரில் பார்த்து எடுங்கள். புகும் அன்றே சுவர்க் கறை, கட்டில் கீறல், ஏசி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏசி சர்வீஸ் யார் செலவு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அதைக் கவனிக்காமல் என் டெபாசிட்டில் 200 வெள்ளி போயிற்று.

கையில் எவ்வளவு? பொது அறை (குளியலறையை மற்றவர்களோடு பகிரும் அறை) ஒன்று மாதம் ஆயிரம் வெள்ளிக்கு முன்பின் இருக்கும். ஒரு மாத டெபாசிட், ஒரு மாத முன்வாடகை, ஏஜெண்ட் இருந்தால் அவர் பங்கு, முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு, ரயில். 3,500 வெள்ளி இருந்தால் யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

வரி விஷயத்தில்தான் புதிதாக வருபவர்கள் ஏமாறுகிறார்கள். நம்மூர் மாதிரி மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள். முழுச் சம்பளமும் கைக்கு வரும், ஊருக்கு அனுப்பிவிடுவீர்கள், அடுத்த வருஷம் வரிச் சீட்டு வரும். உங்கள் சம்பளத்துக்கு முழு ஆண்டு வேலை பார்த்தால் சுமார் 1,700 வெள்ளி. பன்னிரண்டு தவணையாகக் கட்டலாம். மாதம் 150 வெள்ளியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால் வலிக்காது. வேலையை விடும்போது வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தைக் கம்பெனி நிறுத்தி வைக்கும். அது சட்டம், கோபப்பட ஒன்றுமில்லை. நம்மூர் பி.எஃப். மாதிரியான மத்திய சேமநிதி, பாஸில் இருக்கும் நமக்குக் கிடையாது. சேமிப்பு நீங்களே பார்த்துக்கொள்வதுதான்.

பெட்டி கட்டும்போது ஆச்சிமார் அரைத்துத் தரும் மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். சிங்கப்பூரில் கசகசா தடை. அபினிச் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் கணக்கில் பார்க்கிறார்கள். குருமாவுக்கு முந்திரியை அரைத்துக்கொள்ளலாம், ருசி கொஞ்சம் குறையும்தான். உப்புக்கண்டமும் வேண்டாம், நம்மூர் இறைச்சியை உள்ளே விடமாட்டார்கள். மெல்லும் புகையிலை, வேப் (மின்சிகரெட்) இரண்டும் தடை. மாத்திரை சாப்பிடுகிறவரானால் டாக்டர் சீட்டு கையோடு இருக்கட்டும். மூக்குக்கண்ணாடி போடுகிறவரானால் ஒன்று கூடுதலாகச் செய்துகொண்டு போங்கள். மற்றபடி அரிசி, பருப்பு, குக்கர், அப்பளம் எல்லாம் தேக்காவில் (லிட்டில் இந்தியா பகுதியில்) கிடைக்கும், சுமக்காதீர்கள்.

தமிழ் அங்கே ஆட்சிமொழி என்பதால் அலுவலகத்திலும் தமிழ் பேசுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பலகையில் தமிழ் இருக்கும், வேலை ஆங்கிலத்தில்தான் நடக்கும்.

தை பிறந்ததும் போனால் அந்த வருஷத் தைப்பூசத்துக்கு அங்கே இருப்பீர்கள். டேங்க் ரோட்டில் 1859-ல் நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, செட்டியார் கோயில் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் அங்கேதான் வந்து சேரும். ஆனால் அன்றைக்கு அரசு விடுமுறை கிடையாது. சேர்ந்த புதிதில் லீவு கேட்கவும் முடியாது. வேலை முடிந்து சாயங்காலம் வாருங்கள், அப்போதும் காவடி வந்துகொண்டிருக்கும். நானும் அந்த நேரத்துக்குத்தான் வருவேன்.