நிலைக்கண்ணாடியும் வியன்னா நாற்காலியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டில் இருக்கும், அல்லது வாங்க நினைக்கும் ஐரோப்பியப் பாணிப் பொருள்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தேவகோட்டைப் பக்கத்தில் இருந்த எங்கள் அப்பத்தா வீட்டின் பாகப்பிரிவினையில் ஆள் உயரத்துக்கு ஒரு பெல்ஜியம் கண்ணாடி எனக்கு வந்தது. தேக்குச் சட்டம் உறுதியாக இருக்கிறது. ஆனால் ஓரங்களில் கறுப்புப் புள்ளிகள் படர்ந்து, கீழ் மூலையில் ரசம் போய்விட்டது. புதிதாக ரசம் பூசித் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். பூசலாமா?
— வாசகி, மதுரை

பதில்: பூச வேண்டாம் என்பதே என் எண்ணம்.

‘ரசம் போய்விட்டது’ என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இந்தக் கண்ணாடிகளின் பழைய கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. வெனிஸ் நகரை அடுத்த முரானோ தீவின் தொழிலாளர்களும், அவர்களுக்குப் போட்டியாகப் பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் 1665-இல் பிரான்சில் தொடங்கிவைத்த அரசுக் கண்ணாடி ஆலையின் தொழிலாளர்களும், மெல்லிய வெள்ளீயத் தகட்டின்மேல் பாதரசத்தைப் பரப்பி, அதன்மேல் கண்ணாடிப் பலகையைக் கிடத்திப் பாரம் ஏற்றித்தான் முகம் பார்க்கும் கண்ணாடியைச் செய்தார்கள். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுக்கமும் பல் உதிர்வும் வந்தன. ஜெர்மனியின் ஃபியூர்ட் நகரம் கண்ணாடிக்குப் பெயர்பெற்ற அளவுக்கு இந்த நோய்க்கும் பெயர்பெற்றிருந்தது. வெள்ளிக் கரைசலிலிருந்து கண்ணாடியின்மேல் வெள்ளியைப் படியவைக்கும் வழியை 1835-இல் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் என்ற வேதியியலாளர் கண்டறிந்த பிறகு பாதரசம் மெல்ல விலகி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய வழக்கொழிந்தது. தொழிலிலிருந்து ரசம் போன பின்பும் நம் பேச்சில் அந்தச் சொல் அப்படியே நின்றுவிட்டது.

செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையே கட்டப்பட்டவை. ஆகையால் உங்களுடையது வெள்ளி பூசிய கண்ணாடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பின்பலகையை மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். காவி அல்லது சாம்பல் நிறத்தில் வண்ணப்பூச்சு தெரிந்தால் அது வெள்ளி. வண்ணமே இல்லாமல், ஈயத்தாள் போல வெறும் சாம்பல் நிறத்தில் மினுங்கினால் அது பாதரசமாக இருக்கலாம். அப்படியானால் அதைச் சுரண்டாமல், குழந்தைகள் தொடாதபடி பலகையை மூடிவிட்டு, பழம்பொருள் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

பின்பூச்சில் விரிசல் விழுந்த இடத்தில் ஈரமும் காற்றில் இருக்கும் கந்தகமும் புகுந்து வெள்ளியைக் கறுக்கச் செய்வதுதான் அந்தப் புள்ளிகளுக்குக் காரணம். புதுப்பூச்சுக்கு முன்னால் பழைய வெள்ளியை அமிலத்தால் முழுவதும் கரைத்தெடுக்க வேண்டும். அதில் பலகை உடையும் அபாயம் இருக்கிறது. உடையாமல் வந்தாலும், பளிச்சென்ற புதுப்பூச்சு அந்தப் பழைய சட்டத்துக்குள் அந்நியமாகவே நிற்கும். ஒரு நாணயத்தின் விளிம்பைக் கண்ணாடியில் தொட்டுவைத்து, நாணயத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவில் தெரியும் இடைவெளியைப் பாருங்கள். பலகை எவ்வளவு தடிமனானது என்பது புரியும். அந்தத் தடிமனும், சாய்வாகத் தேய்த்த பெவல் ஓரமும் தலைவாரிப் பொட்டுவைப்பதற்காக மட்டும் உங்களிடம் வரவில்லை. அன்றாடம் முகம் பார்க்க வேறொரு கண்ணாடியை வாங்கிக்கொள்ளுங்கள்.

இருப்பதைக் காப்பாற்றுவது எளிது. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரோடு அதை ஒட்டவைக்காமல், பின்புறம் நான்கு மூலைகளிலும் சிறு மரக்கட்டைகளை வைத்துக் காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள். துடைக்கும்போது நீரையோ, அம்மோனியா கலந்த திரவத்தையோ கண்ணாடியின்மேல் நேராகத் தெளிக்காதீர்கள். அது கீழே வழிந்து சட்டத்தின் இடுக்கில் தேங்கித்தான் கீழ் மூலை முதலில் கெடுகிறது. உங்கள் கண்ணாடியிலும் அதுவே நடந்திருக்கும்.

கேள்வி: புதிதாக வாங்கிய அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையைப் பிரெஞ்சு அரண்மனை பாணியில் அமைக்க ஆசைப்படுகிறோம். தங்க முலாம் பூசிய சோபா, பெரிய கண்ணாடி, சரவிளக்கு ஆகிய மூன்றையும் ஒரே கடையில் பார்த்து வைத்திருக்கிறோம். கூரையின் உயரம் பத்து அடிக்கும் சற்றுக் குறைவு.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்று கண்ணாடியாக இருக்கட்டும்.

அந்தப் பாணி உயரமான கூரையும், சுவர் முழுவதும் மரப்பலகை வேலைப்பாடும் கொண்ட கூடங்களுக்காகப் பிறந்தது. பத்தடிக் கூரையின்கீழ் அவ்வளவு செதுக்கலையும் தங்கத்தையும் நிறைத்தால் அறை கடையைப் போலாகிவிடும். கடையில் ‘லூயி மாடல்’ என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். ஆனால் அவை இரண்டு வேறு குணங்கள். பதினைந்தாம் லூயியின் காலத்து நாற்காலிக்கு நேர்கோடே பிடிக்காது. கால்கள் வளைந்து, முதுகு சுருண்டு, சிப்பியும் இலையுமாகச் செதுக்கல் ஓடும். எரிமலையால் புதையுண்ட ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியத்தில் 1738-இலும் பொம்பெயியில் 1748-இலும் தொடங்கிய அகழாய்வுகளால் பழைய ரோமானிய வடிவங்கள்மீது ஐரோப்பாவுக்குப் புது மோகம் பிறந்தது. அதன் விளைவாக, பதினாறாம் லூயியின் காலத்துக்கு வரும்போது கால்கள் நிமிர்ந்து, கீழ்நோக்கிக் குறுகி, தூணைப் போல நெடுக வரிகோடுகள் பெற்றன. நம் சிறிய அறைகளுக்கு இந்த இரண்டாவது வகையே பொருந்தும். அது இடத்தை அடைக்காது, துடைப்பதும் எளிது.

துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெல்வெட் மெத்தை நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் தூசிக்கும் ஆகாது. அந்தக் காலத்துப் பிரெஞ்சு நாற்காலிகளிலேயே இருக்கையும் முதுகும் பிரம்பு பின்னியவை ஏராளமாக உண்டு. அந்தப் பிரம்பு பதினேழாம் நூற்றாண்டில் டச்சு, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பல்களில் ஆசியாவிலிருந்து அங்கே போனதுதான். ஆகவே பிரம்பு பின்னிய இரண்டு கைநாற்காலிகளை வாங்கினால் பாணிக்கும் குறைவில்லை, முதுகுக்கும் காற்று கிடைக்கும்.

சரவிளக்கை நான் மறுப்பதற்குக் காரணம் மின்விசிறி. நம் வீட்டில் கூரையின் நடுவிடம் விசிறிக்கு உரியது. அதன் பக்கத்தில் தொங்கும் பளிங்குத் துண்டுகள் நாளெல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, விசிறி வீசும் தூசியை வாங்கிக்கொண்டே இருக்கும். விசிறியை நீக்கிவிட்டுக் குளிர்சாதனத்தை மட்டும் நம்புவதானால் மறுபடியும் யோசிக்கலாம்.

கேள்வி: பெரிய கண்ணாடியை எந்தச் சுவரில் மாட்டுவது?
— வாசகி, திருச்சி

பதில்: விளக்கு அரிதாக இருந்த காலத்தில் மெழுகுவத்தியின் ஒளியையும் பகல் வெளிச்சத்தையும் இரட்டிப்பதற்காகவே ஐரோப்பியர்கள் இவ்வளவு பெரிய கண்ணாடிகளைச் சுவரில் ஏற்றினார்கள். 1684-இல் முடிந்த வெர்சாய் அரண்மனைக் கண்ணாடிக் கூடத்தில் 357 கண்ணாடிகள் 17 வளைவுகளுக்குள் அமைந்து, எதிரே இருக்கும் 17 சாளரங்களைப் பார்த்தபடி நிற்கின்றன. ஆனால் சாளரத்துக்கு நேர் எதிரே என்ற அந்த முறையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மேற்குச் சாளரத்துக்கு எதிரே மாட்டினால் மாலை நான்கு மணி வெயில் அறைக்குள் இரண்டு பக்கமிருந்தும் அடிக்கும். சாளரச் சுவரை ஒட்டிய பக்கச் சுவரில் மாட்டினால் வெளிச்சம் வரும், கூச்சம் வராது. உயரத்தில் மாட்டுவதானால், செட்டிநாட்டு வீட்டுப் படங்களைப் போல மேல்பகுதி முன்னே சாய்ந்திருக்கும்படி தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் அதில் கூரை மட்டுமே தெரியும்.

கேள்வி: தாத்தா உட்கார்ந்த வளைந்த மர நாற்காலி ஒன்றை ‘வியன்னா நாற்காலி’ என்பார்கள். கால்கள் ஆடுகின்றன, அடியில் மாவு போல மரத்தூள் விழுகிறது. தச்சர் ஆணி அடித்துத் தருகிறேன் என்கிறார்.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: தயவுசெய்து ஆணி அடிக்க விடாதீர்கள். அந்த நாற்காலி திருகாணிகளையே நம்பிப் பிறந்தது.

மிகயேல் தோனெட் என்ற ஜெர்மானியத் தச்சர் வியன்னாவில் குடியேறி, பீச் மரக் கழிகளை நீராவியில் வேகவைத்து, இரும்பு அச்சில் வளைத்து உலரவைக்கும் முறையைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். 1859-இல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலிக்கு மொத்தம் ஆறு மரப்பாகங்கள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள். வச்சிரப் பசை போட்ட பொருத்துகளே தேவைப்படவில்லை. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. கப்பல் ஏறி உலகமெங்கும் அது சென்றதற்கு அந்தப் பெட்டிதான் காரணம். 1869-இல் அவருடைய காப்புரிமை முடிந்ததும் வேறு பல ஆலைகளும் அதே வடிவத்தைச் செய்யத் தொடங்கின. ஆகவே இருக்கை வளையத்தின் உட்புறத்தில் காகிதச் சீட்டோ முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். தோனெட் என்றோ, போட்டி நிறுவனமான கோன் என்றோ பெயர் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விடச் சொல்லுங்கள்.

ஆட்டம் நிற்கத் திருகாணிகளை முறுக்கினாலே பெரும்பாலும் போதும். ஓட்டை பெரிதாகியிருந்தால் மரக்குச்சியைப் பசை தடவிச் செருகி, அதில் மறுபடியும் திருகலாம். ஆணியோ, அடித்த இடத்தில் கழியை நீளவாக்கில் பிளந்துவிடும். வளைத்த கழி பிளந்தால் அதற்கு மாற்று கிடையாது.

மரத்தூள்தான் எனக்குக் கவலை தருகிறது. தேக்கைப் போலப் பூச்சியைத் தாங்கும் எண்ணெய்ச் சத்து பீச் மரத்தில் இல்லை. நம் ஊர்த் துளைப்பூச்சிகளுக்கு அது விருந்து. நாற்காலியை உடனே மற்ற மரச்சாமான்களிலிருந்து பிரித்து வையுங்கள். மரப்பூச்சி மருந்தை ஊசியால் துளைகளில் செலுத்தி, பாலித்தீன் உறையில் சில வாரங்கள் மூடி வையுங்கள். பிறகு துளைகளை மெழுகால் அடைத்துவிட்டுக் கவனித்துவாருங்கள். அடைத்த பின்பும் புதுத்தூள் விழுந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: காரைக்குடிக்குப் போய்ப் பழம்பொருள் வாங்க நினைக்கிறேன். ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்? வாங்குவது சட்டப்படி சரியா?
— வாசகர், சென்னை

பதில்: முகப்பைப் பார்க்காதீர்கள், அடியையும் முதுகையும் பாருங்கள். பழையது என்று சொல்லப்படும் அலமாரியின் இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்து, கை போகாத இடமும் ஒரே நிறத்தில் சாயம் பூசப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான தேய்மானம் கை பட்ட இடத்திலும் கால் உரசிய இடத்திலும்தான் இருக்கும். ஒரு திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். கூர்நுனித் திருகாணி பரவலானது சுமார் 1850-க்குப் பிறகே என்பதால், அதைவிடப் பழைய பொருள் என்று சொல்லி விலையேற்றுகிறவரிடம் அதைக் காட்டிக் கேட்கலாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுகளும் அதற்கு மேலும் பழமையானவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிலைகளுக்கும் ஓவியங்களுக்கும் பதிவு விதிகள் இருக்கின்றன. தந்தம் பதித்த எதையும் தொடவே வேண்டாம். கடைக்காரரிடம் இரசீது கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகள், பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் செய்த நகரத்தார், பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் பெல்ஜியம் கண்ணாடியையும் கொண்டுவந்து கட்டியவை. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது அந்த வருவாயில் பெரும்பகுதி நின்றது. பிறகு பங்காளிகள் பெருகி, பராமரிப்பைத் தனியொருவர் ஏற்க முடியாத நிலையில் பல வீடுகள் இடித்துப் பிரிக்கப்பட்டன. மிஞ்சியிருக்கும் ஊர்களின் தொகுப்பு 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. வீட்டை விட்டு ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட நாற்காலி, கண்ணாடி, எனாமல் பாத்திரம் ஆகியவற்றை வாங்கி நன்றாக வைத்துக்கொள்வது நல்ல காரியம். தூணையும் நிலைக்கதவையும் மட்டும் நான் வாங்குவதில்லை. ஒரு தூணுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று தெரிந்தால், நின்றுகொண்டிருக்கும் அடுத்த வீடும் பிரிக்கப்படும்.

கேள்வி: பழைய படச்சட்டத்தின் தங்க வேலைப்பாட்டைப் பொங்கலுக்கு முன் ஈரத்துணியால் துடைக்கலாமா?
— வாசகி, புதுச்சேரி

பதில்: கூடாது. உண்மையான தங்க ரேக்கு ஒட்டிய சட்டத்தில், ரேக்குக்கு அடியில் இருப்பது சுண்ணப் பொடியை வச்சிரப் பசையில் குழைத்துப் பூசிய மாவு. ஈரம் பட்டால் அது ஊறி, தங்கத்தோடு துணியில் வந்துவிடும். ரேக்கின் இடத்தில் பித்தளைப் பொடி பூசியிருந்தால் நாளாக நாளாகப் பழுப்போ பச்சையோ ஏறியிருக்கும். அதற்கும் ஈரம் ஆகாது. மிக மென்மையான, முற்றிலும் உலர்ந்த ஓவியத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டிவிடுங்கள். தூரிகையில் பொன் துகள் ஒட்டினால் அந்த இடத்தோடு நிறுத்திவிட வேண்டும்.