வாசகர் கேள்வி – பதில்: காவல் நிலைய வாசலில்

கேள்வி: குறுவைக்குத் தண்ணீர் வந்த நேரத்தில், மடை அடைப்பது தொடர்பாக எனக்கும் பக்கத்து வயல்காரருக்கும் வாய்த்தகராறு. அவர் காவல் நிலையத்தில் மனு கொடுத்துவிட்டார். கைபேசியில் அழைத்தார்கள், போனேன். காலை முதல் மாலை வரை பெஞ்சில் உட்காரவைத்து, ‘இனி அந்த மடையைத் தொடமாட்டேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். எனக்கு வயது 64. இதற்கு அவர்களுக்கு அதிகாரம் உண்டா?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: இல்லை. மடை யாருடையது, இன்று யாருடைய முறை என்று தீர்ப்புச் சொல்லும் இடம் காவல் நிலையம் அன்று. பாசன உரிமையும் வரப்பு எல்லையும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரியவை. தகராறு அடிதடியாக முற்றும் என்ற அச்சம் இருந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 164-ஆம் பிரிவின்படி, நிலம் அல்லது நீர் குறித்த அந்தப் பிணக்கைப் பற்றி நிர்வாக நடுவருக்கு, அதாவது கோட்டாட்சியர் போன்றவருக்கு, காவல்துறை அறிக்கை அனுப்பலாம். அவரும்கூட யார் அனுபவத்தில் இருந்தது என்றுதான் பார்ப்பாரே தவிர, உரிமையை முடிவு செய்யமாட்டார்.

சாட்சியாக விசாரிக்க வேண்டுமானாலும், 60 வயதைக் கடந்த ஆணையும் எந்த வயதுப் பெண்ணையும் வீட்டைவிட்டு வேறிடத்துக்கு வரச்சொல்லக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 179-ஆம் பிரிவு. அழைப்பும் எழுத்தில் இருக்க வேண்டும். ‘நீங்கள் சாட்சி அல்ல, எதிர்மனுதாரர்’ என்று சொன்னால், வழக்கு எண் என்னவென்று கேளுங்கள். வழக்கே பதிவாகாதபோது ஒருவரை நாள் முழுக்க உட்காரவைக்கச் சட்டத்தில் இடமில்லை. எழுதிக் கொடுத்த தாளினால் உங்கள் பாசன உரிமை போய்விடாது என்றாலும், நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அதை நீட்டக்கூடும். எந்தச் சூழ்நிலையில் கையெழுத்திட்டீர்கள் என்பதை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு இப்போதே பதிவுத் தபாலில் எழுதி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

சட்டம் இவ்வளவுதான். ஆனால் உங்கள் பக்கத்து வயல்காரர் ஏன் காவல் நிலையத்துக்குப் போனார் என்பதையும் பேசியாக வேண்டும். நீதிமன்றத்தில் வாய்தா முடிவதற்குள் பல குறுவை அறுவடை ஆகிவிடும். தலைமடையில் அடைத்தால் கடைமடையில் நாற்று காயும். எனவே ‘கூப்பிட்டு ஒரு அதட்டு அதட்டினால் போதும் சார்’ என்று அரசியல் கட்சிக்காரர் ஒருவரையோ வக்கீல் குமாஸ்தாவையோ பிடித்துக்கொண்டு போகிறோம். குத்தகை பாக்கி, கைமாற்று, சீட்டுப் பணம், மருமகள் வீட்டுச் சச்சரவு என எல்லாவற்றுக்கும் இந்த அதட்டலை நாமே கேட்டு வாங்குகிறோம். சட்டம் தராத அதிகாரத்தை டெல்டாவின் காவல் நிலையங்கள் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் பெற்றிருக்கின்றன என்பது என் கருத்து. உங்களுக்கு மடைத் தகராறு வருமுன் வேறு எவருக்காவது எதிராக நீங்களும் அந்தப் படியேறியிருந்தால், யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: பிடிபட்ட ரவுடிகள் ‘கழிப்பறையில் வழுக்கி விழுந்து’ மாவுக்கட்டுடன் நிற்கும் படம் வந்தால், எங்கள் வீட்டில் அப்பா உட்பட அனைவரும் மகிழ்கிறார்கள். நான் மறுத்துப் பேசினால், ‘உனக்கு நடந்தால் தெரியும்’ என்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: உங்கள் தந்தையின் கோபம் பொய்யானதன்று. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், ஜாமீனில் வந்தவன் அதே தெருவில் நடப்பான் என்று பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள், மாவுக்கட்டைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆயினும் அடிபட்டவன்தான் குற்றவாளி என்பதை யார் முடிவு செய்தது? அடித்தவரே. இந்த ஆபத்து புதிதல்ல. நிலவரி வசூலிப்பதற்காகவும் ஒப்புதல் வாங்குவதற்காகவும் குடியானவர்களின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்த கொடுமைகளை, சென்னை மாகாணத்தின் சித்திரவதை விசாரணை ஆணையம் 1855-ஆம் ஆண்டின் அறிக்கையிலேயே பதிவு செய்தது. காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வகுத்ததும், அதே விதி இன்றைய சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் தொடர்வதும், அடிக்குப் பயந்து எவரும் எதையும் சொல்லிவிடுவார் என்பதால்தான்.

2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அங்கே அடிக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது, மாவுக்கட்டுக்குக் கைதட்டியவர்களில் பலரும் கொதித்தார்கள். அவர்கள் ரவுடிகள் அல்லர், வியாபாரிகள் என்பதே அந்தக் கொதிப்புக்குப் பெரிய காரணம். லத்திக்கு அந்த வேறுபாடு தெரியாது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். இன்னொன்றையும் சொல்லுங்கள்: அந்த இரவில் நடந்ததை நீதித்துறை நடுவரிடம் துணிந்து சொன்னவர், அதே நிலையத்தில் பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர்.

கேள்வி: என் கணவர் காவலர். தேர், தெப்பம், ஆர்ப்பாட்டம், அமைச்சர் வருகை என்று வீட்டில் இருப்பதே அரிது. ஊரார் மட்டும் எங்களை லஞ்சக் குடும்பமாகவே பார்க்கிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. காவலர்களுக்கு வார ஓய்வு வழங்க 2021-இல் தான் ஆணை வந்தது; பந்தோபஸ்து என்றால் அதுவும் போய்விடுகிறது. தூக்கமில்லாதவரின் கோபம் முதலில் மனு கொடுக்க வந்தவர் மீதுதான் இறங்குகிறது என்பதை மேலதிகாரிகள் உணரவேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலின்போது சாலையில் விழுந்த மரங்களை அறுத்து வழிவிட்டவர்களில் காவலர்களும் இருந்தார்கள். ஆனால் ஊர் நினைவில் நிற்பது கடைவீதியில் இருசக்கர வண்டியை மறித்து நீட்டிய கைதான். அந்தக் கையை நீட்டியவர் உங்கள் கணவர் அல்லர் என்பதை ஊரார் கணக்கில் கொள்ளாதது அநியாயமே.

கேள்வி: கொள்ளிடப் பாலம் ஒன்றில் என் தாலிச் சங்கிலியைப் பறித்துச் சென்றார்கள். ஒரு கரையிலுள்ள நிலையத்தில் ‘அந்தக் கரை எல்லை’ என்றார்கள். அந்தக் கரையில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள். வக்கீலுடன் போனால்தான் வழக்குப் பதிவார்களா?
– வாசகி, மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: வக்கீல் வேண்டாம். எல்லை எதுவாயினும் முதலில் போன நிலையத்திலேயே புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு பதிவேட்டில் ஏறியதற்கான ஒப்புகை மட்டுமே. முதல் தகவல் அறிக்கை ஆகாது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. சில குற்றங்களில் துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய சட்டம் இடம் தருகிறது. அதற்கும் 14 நாள்கள்தான் கெடு. மறுத்தால் புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் பலனில்லையேல் நீதித்துறை நடுவரை அணுகலாம். வழக்குப் பதியும்போது, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, சங்கிலியின் எடையும் தாலியின் வடிவமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். நகலுக்குக் கட்டணம் இல்லை.