ராக ஞானம் இல்லாமல் இசைக் கட்டுரையை ஆராயலாமா?

கேள்வி: இசை பற்றி எழுதிய ஒருவருடைய நடையை ஆராய்ந்து வகுப்புக்குக் கட்டுரை தர வேண்டும். கல்கியின் இசை விமர்சனங்களை எடுத்திருக்கிறேன். ‘எளிமை, நகைச்சுவை’ என்பதற்கு மேல் எழுத வரவில்லை. ராக ஞானமும் கிடையாது. எங்கே தொடங்குவது?

பதில்: ராக ஞானம் இல்லாதது இந்த வேலைக்கு ஒரு வசதி. பத்திரிகை விமர்சனம் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் எழுதப்பட்டது. எந்த இடத்தில் திணறினீர்கள், எந்த இடத்தில் சொல் புரியாமலே ரசித்தீர்கள் என்பது வித்வானுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அந்த இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

‘எளிமை, நகைச்சுவை’ நூறு பேருக்குப் பொருந்தும். அதனால் மொத்தத் தொகுப்பையும் ஓரமாக வைத்துவிட்டு, பாட்டைச் சொல்லில் பிடிக்க முயலும் ஒரே ஒரு பத்தியை எடுங்கள். தோடி ராகம் பாடியதைப் பற்றி நான் இரண்டு வாக்கியம் எழுதிக் காட்டுகிறேன்.

“தோடி அற்புதமாக இருந்தது.”

“காந்தாரத்துக்கு வந்தவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார், தம் முறைக்குக் காத்திருந்த வயலின்காரர் வில்லை மடியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.”

முதலாவது வெறும் தீர்ப்பு. இரண்டாவதில் தீர்ப்பே இல்லை, சாட்சி இருக்கிறது. காந்தாரம் ஒரு ஸ்வரம் என்றுகூட விளக்கவில்லை. ‘உட்கார்ந்துவிட்டார்’ என்ற வினை அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பாராட்டு வயலின்காரரின் மடியில் கிடக்கிறது. உங்கள் பத்தியிலும் இதையே தேடுங்கள்: ஒலிக்கு எந்த வினைச்சொல், தீர்ப்பு யார் வழியாக வருகிறது, கலைச்சொல் வரும்போது கை கொடுக்கிறாரா, அப்படியே விட்டுவிடுகிறாரா. பெயரடைகளை எண்ணுவதில் பெரிய லாபம் இல்லை.

அடுத்து, எழுதுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். கல்கி ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதியது ‘கர்நாடகம்’ என்ற பெயரில். அந்தச் சொல் கர்நாடக சங்கீதத்தையும் குறிக்கும். ‘சுத்தக் கர்நாடகம்’ என்று பழம்போக்கைக் கேலி செய்வதும் உண்டு. இப்படிப் பெயர் வைத்துக்கொண்டவர்தான் 1940-களில் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்காக வாதாடினார். கேலி எப்போது சும்மா கேலியாக நிற்கிறது, எப்போது வாதத்துக்குப் படியாகிறது என்று பிரித்துக் காட்டினாலே உங்கள் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

காலத்தையும் மறக்க வேண்டாம். அன்றைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம் சொச்சம்தான். ஒரு மணி நேர ராகம் தானம் பல்லவியைத் தவறவிட்டவருக்கு விமர்சனம்தான் கதி. இன்று எழுதுகிறவர் ஒலிப்பதிவைச் சுட்டிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். வர்ணனை மெலிந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஒப்பிட ஆள் வேண்டுமானால் உ.வே.சாமிநாதையர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் கொஞ்ச காலம் பாட்டுக் கற்றவர்; அவரைப் பற்றியும் கனம் கிருஷ்ணையர் என்ற சங்கீத வித்வானைப் பற்றியும் வரலாறு எழுதியவர். பாடகரைச் சம்பவங்களால் நிறுத்திக் காட்டுவது அவர் வழி. இவரிடம் ஒரு பக்கம், கல்கியிடம் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு, ஒலியைச் சொல்லும் வரிகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். மீதி வரிகள் என்ன செய்கின்றன என்பதிலிருந்து கட்டுரையைத் தொடங்கலாம்.