ஜாருக்காகவா போரிட்டது வெண்படை?

கேள்வி: ரஷ்யாவில் 1918 முதல் 1920 வரை நடந்ததை உள்நாட்டுப் போர் என்பதே தவறு. ஜாரின் தளபதிகளும் 14 அந்நிய நாடுகளும் சேர்ந்து உழைக்கும் மக்கள்மீது தொடுத்த போர் அது. அது மூண்டதில் லெனினின் கட்சியினரான போல்ஷெவிக்குகளுக்கும் பங்கு உண்டு என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தட்டில் வைப்பதுதான் நடுநிலையா?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: நடுநிலையாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. உங்கள் கேள்வியில் ஜார் வந்து நிற்கும் இடம்தான் இடிக்கிறது.

கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸ் முடி துறந்தது 1917 மார்ச்சில். நவம்பரில் போல்ஷெவிக்குகள் கவிழ்த்தது ஜாருக்குப் பின் வந்த கெரென்ஸ்கியின் இடைக்கால அரசை. இடைப்பட்ட எட்டு மாதம் ரஷ்யாவில் மன்னனே கிடையாது. அந்த மன்னனை இறக்கியதில் நீங்கள் சொல்லும் தளபதிகளுக்கும் கை உண்டு. ஜார் விலகுவதே நல்லது என்று போர்முனைத் தளபதிகளிடம் தந்தியில் கருத்து வாங்கி அவருக்கே அனுப்பி வைத்தவர் ஜெனரல் அலெக்ஸேயெவ். மகாராணி அலெக்ஸாந்த்ராவை அரண்மனைக்கே போய்க் கைது செய்தவர் ஜெனரல் கர்னீலவ். இந்த இருவரும்தான் தெற்கே தோன் நதிப் பகுதியில் 'தன்னார்வப் படை' என்ற முதல் வெண்படையை, அதாவது போல்ஷெவிக் எதிர்ப்புப் படையைக் கட்டியவர்கள். அவர்களுக்குப் பின் தலைமைக்கு வந்த தெனிகினின் அப்பா பண்ணையடிமையாகப் பிறந்து, பட்டாளத்தில் பிடித்துப் போடப்பட்டு, மேஜர் வரை உயர்ந்தவர். வெண்படை அதிகாரிகளில் முடியாட்சிப் பிரியர்கள் ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் ஜாரைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று வெளிப்படையாகச் சொல்ல அவர்களுடைய தலைமைக்கே துணிவில்லை. சொன்னால் ஆள் சேராது.

சொல்லாதபோதும் பெரிதாகச் சேரவில்லை. 1918 பிப்ரவரியில் கர்னீலவ் ரஸ்தோவ் நகரை விட்டு வெளியேறியபோது அவர் பின்னால் நடந்தவர்கள் சுமார் 4,000 பேர். கர்னல்கள் சாதாரண சிப்பாய்களாகத் துப்பாக்கி தூக்கினார்கள். குதிரைப்படைக்குப் பேர்போன தோன் கஸாக்குகள்கூட அன்றைக்கு அவர்களுக்காகப் போரிட முன்வரவில்லை; மனம் வெறுத்துப்போன கஸாக் தலைவர் கலேதின் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். குபான் புல்வெளியில் மழையில் நனைந்த மேலங்கிகள் அடுத்து வீசிய பனிக்காற்றில் உறைந்து தகரம்போல் விறைத்துக்கொண்டன. ஏப்ரலில் எகதிரினதார் நகருக்கு வெளியே கர்னீலவ் தங்கியிருந்த பண்ணைவீட்டில் பீரங்கிக் குண்டு விழுந்தது. ஆளும் போய்விட்டார்.

நியாயமாகப் பார்த்தால் வெண்படையின் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்கான காரணத்தில்தான் போல்ஷெவிக்குகள் வருகிறார்கள்.

1917 நவம்பரில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. போல்ஷெவிக்குகளுக்குக் கிடைத்தது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வாக்கு. விவசாயிகளின் ஆதரவோடு முதலிடம் பிடித்தது சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சி. கவனியுங்கள், அவர்களும் சோஷலிஸ்டுகள்தான். 1918 ஜனவரியில் அந்தச் சபை கூடியது ஒரே ஒரு முறை. விடியற்காலையில் காவல் மாலுமிகளின் தலைவன் மேடையேறி, காவலர்கள் களைத்துவிட்டார்கள், எல்லோரும் கலைந்து போங்கள் என்றான். அத்தோடு சரி. சபைக்கு ஆதரவாகத் தலைநகர் பெத்ரோகிராதில் ஊர்வலம் போனவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்களில் தொழிலாளர்களும் உண்டு. ஓட்டுப் போட்டு இந்த அரசை மாற்ற முடியாது என்று தெரிந்த பிறகு எதிர்ப்பவன் எங்கே போவான்?

மார்ச்சில் பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்து ஜெர்மனியோடு செய்த பிரெஸ்ட்-லித்தோவ்ஸ்க் ஒப்பந்தம். மே மாதம் கிராமங்களுக்கு ஆயுதக் குழுக்களை அனுப்பித் தானியத்தைப் பறிக்க உத்தரவு. நகரங்கள் பட்டினி கிடந்தன என்பது உண்மை. ஆனால் நிலத்தைக் கொடுத்த அரசே ஆறு மாதத்தில் விளைச்சலைத் தூக்கிக்கொண்டு போக வந்தால் விவசாயி கை கட்டி நிற்க மாட்டான்.

அதே மே மாதம் சைபீரிய ரயில் பாதை நெடுக இருந்த செக்கோஸ்லோவாக்கியப் படை போல்ஷெவிக்குகளுக்கு எதிராகத் திரும்பியது. அவர்கள் உலகப் போரில் ரஷ்யாவின் பக்கம் நின்றுவிட்டு, வெளியேற வழி தேடிப் போய்க்கொண்டிருந்தவர்கள். ஆயுதத்தைப் பிடுங்க போல்ஷெவிக் போர் அமைச்சர் த்ரோத்ஸ்கி உத்தரவிட்டதும் பாதையையே கைப்பற்றினார்கள். அவர்கள் தயவில் சமாராவில் ஓர் அரசு உருவானது. கலைக்கப்பட்ட சபையின் உறுப்பினர்கள் நடத்திய அரசு. அவர்கள் ஏற்றியதும் செங்கொடிதான்! ஆகஸ்டில் இஷெவ்ஸ்க் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் போல்ஷெவிக்குகளை எதிர்த்துக் கிளம்பினார்கள். பின்னால் அவர்கள் சைபீரிய வெண்படைத் தலைவர் கோல்சாக்கின் படையிலேயே போரிட்டார்கள். உங்கள் கணக்கில் இவர்கள் உழைக்கும் மக்களா, இல்லையா?

தோன் பகுதியைப் பாருங்கள். 1919 ஜனவரியில் மேல் தோன் கஸாக்குகள் போர் அலுத்துப்போய் முனையைக் கைவிட்டு ஊர் திரும்பினார்கள். போல்ஷெவிக்குகளின் செஞ்சேனைக்கு வழி திறந்தது. அதே மாதம் கட்சித் தலைமையிலிருந்து ஓர் ஆணை: பணக்காரக் கஸாக்குகளை விதிவிலக்கின்றி அழிக்க வேண்டும். மார்ச்சில் அதே ஊர்கள் கிளர்ந்தன. தெனிகினுக்கு அதைவிடப் பெரிய உதவியை எந்த அந்நிய நாடும் செய்யவில்லை.

இதனால் வெண்படை நல்லவர்களாகிவிட மாட்டார்கள். 1918 நவம்பரில் ஓம்ஸ்கில் அட்மிரல் கோல்சாக்கை உச்ச ஆட்சியாளராக்கிய அதிகாரிகள், அதற்காகத் தங்களோடு கூட்டணியில் இருந்த சோஷலிஸ்டுகளைக் கைது செய்தார்கள். லெனினும் வேண்டாம், ஜெனரலும் வேண்டாம் என்றவனுக்கு நிற்க இடமில்லாமல் போனது. தெனிகினின் ஆட்சியிலோ, விவசாயி எடுத்துக்கொண்ட நிலத்தின் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு தானியம் பழைய நிலக்கிழாருக்குப் போக வேண்டும் என்று விதி வந்தது. செஞ்சேனையிலிருந்து ஓடிப்போன விவசாயிகள், நிலக்கிழார் திரும்பி வருகிறார் என்றதும் ஆயிரமாயிரமாக செஞ்சேனைக்கே திரும்பினார்கள். உக்ரைனில் ஃபாஸ்திவ் முதலான ஊர்களில் வெண்படையினர் யூதர்களைக் கொன்று கொள்ளையடித்ததை எந்தக் காரணம் சொல்லியும் மூட முடியாது. 1919 அக்டோபரில் ஓரேல் வரை வந்து மாஸ்கோவைத் தொடாமலே தெனிகின் சரிந்தது இவற்றால்தான். பெத்ரோகிராதுக்குப் பக்கத்திலேயே இருந்த பின்லாந்தின் சுதந்திரத்தைக்கூடத் தயங்காமல் ஏற்க மனம் வராதவர்களுக்குப் பெத்ரோகிராத் வாசலில் யார் கை கொடுப்பார்கள்?

அந்நிய நாடுகள் வந்தன. பிரிட்டன் தெனிகினுக்கு டாங்கிகளும் சீருடைகளும் கொடுத்தது. பிரெஞ்சுப் படை ஒதெஸ்ஸாவில் இறங்கிச் சில மாதங்களிலேயே மூட்டை கட்டியது. ஜப்பான் விளாதிவோஸ்தக்கில் 1922 வரை உட்கார்ந்திருந்தது. போரை இவர்கள் நீட்டினார்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன். மூட்டினார்கள் என்றால் தேதிகள் ஒத்துவரவில்லை.

தெற்கு வெண்படையின் கடைசித் தளபதி விரங்கெல் கிரீமியாவிலிருந்து கப்பலேறியது 1920 நவம்பரில். அதற்குப் பிறகும் மத்திய ரஷ்யாவின் தம்போவ் பகுதி விவசாயிகள் ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை. 1921 மார்ச்சில், பெத்ரோகிராதுக்கு அருகே கடலில் இருக்கும் குரோன்ஸ்தாத் மாலுமிகள், ஒரு காலத்தில் போல்ஷெவிக்குகளின் வலது கையாக இருந்த கோட்டையினர், ரகசிய வாக்கெடுப்போடு சோவியத் எனும் மக்கள் மன்றங்களுக்குத் தேர்தல் வேண்டும் என்று எழுந்தார்கள். உறைந்த கடல்மேல் படை நடத்தி அவர்களை அடக்கினார்கள். அந்த நாட்களில் கூடியிருந்த பத்தாவது கட்சி மாநாட்டில்தான் தானியப் பறிமுதலை நிறுத்தி, வரி கட்டிவிட்டு மிச்சத்தை விவசாயியே விற்றுக்கொள்ளலாம் என்று லெனின் தீர்மானம் கொண்டுவந்தார்.